ஸ்டார்ட்டர் ரிலே: தடித்த கேபிளைத் தொடாதீர்கள்

பழைய டொயோட்டா பிக்கப்பில் சாவியைத் திருப்பினால் ‘டிக்’ சத்தம் மட்டும் வருகிறதென்றால், பேட்டரியின் தடித்த கேபிளையே 40 ஆம்பியர் ரிலே (சின்ன மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை இயக்கும் சுவிட்ச்) வழியாகக் கொடுக்கலாம் என்று ஒருவர் பதிவிட்டிருக்கிறார். தயவுசெய்து யாரும் அப்படிச் செய்யாதீர்கள். ஸ்டார்ட்டர் மோட்டார் இழுப்பது 100 ஆம்பியருக்கும் மேல். ரிலே உருகிவிடும், தீயே பிடிக்கலாம்.

ரிலே, சாலினாய்டின் (ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு மின்சாரத்தை இணைக்கும் காந்த சுவிட்ச்) சின்ன முனைக்கு மட்டும்தான். பேட்டரியிலிருந்து 30 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக ரிலேயின் 30-ஆம் பின்னுக்கு, 87-லிருந்து சாலினாய்டுக்கு, 85 பாடி எர்த். சாவியிலிருந்து வரும் பழைய ஒயரை 86-இல் கொடுங்கள். அப்போதுதான் கிளட்ச் சுவிட்சின் பாதுகாப்பும் (கிளட்சை மிதித்தால்தான் ஸ்டார்ட் ஆகும்) அப்படியே இருக்கும்.

அதற்கு முன்னால் மீட்டர் வைத்துப் பாருங்கள். பேட்டரியும் கேபிளும் சரியாக இருந்து, அந்தச் சின்ன முனைக்கு 12-ஐ ஒட்டி வோல்ட் வந்தும் ‘டிக்’ மட்டும்தான் என்றால் ரிலே உதவாது. பெரும்பாலும் சாலினாய்டுக்குள் செம்பு காண்டாக்ட் தேய்ந்திருக்கும்.