ஜாமீன் கிடைத்தும் சிறையில் பதினொரு நாள்

எங்கள் தெருவில் பெயின்ட் அடிக்கும் தம்பி ஒருவர் அடிதடி வழக்கில் கைதானார். ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாத, நீதிமன்றம் பார்த்து முடிவு செய்யும் பிரிவு. மனுப் போட்டு ஜாமீனும் கிடைத்தது. ஆனால் உத்தரவு வந்த பிறகும் பதினொரு நாள் உள்ளேதான் இருந்தார். இரண்டு ஜாமீன்தாரர்கள் வேண்டும், ஒருவர் இரத்த உறவாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அவருக்கு அம்மாவை விட்டால் யாருமில்லை. இன்னொரு ஆளைத் தேடி, ரேஷன் அட்டையையும் ஆதார் நகலையும் மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு அந்த அம்மா வீடு வீடாக ஏறி இறங்கினார். கடைசியில் நான் போய்க் கையெழுத்துப் போட்டேன். முதல் நாளே போகாத வருத்தம் இன்னும் இருக்கிறது.

வெளியே வந்தால் அடுத்த நிபந்தனை: தினமும் காலை 10.30 மணிக்குக் காவல் நிலையத்தில் கையெழுத்து. ஒன்பது மணிக்கு வேலை தொடங்கும். பாதியில் தூரிகையை வைத்துவிட்டுப் போகிறவரை எந்த மேஸ்திரி கூப்பிடுவார்? இரண்டாவது வாரமே வேலை போய்விட்டது. விசாரணை இன்னும் தொடங்கவே இல்லை.

ஜாமீன்தாரர் கேட்டு ஏழைகளை உள்ளே வைப்பதைப் பற்றி 1978-இலேயே உச்ச நீதிமன்றம் பேசிவிட்டது. மோதிராம் என்ற கொத்தனாரிடம் பத்தாயிரம் ரூபாய்க்கு ஜாமீன் கேட்டார்கள். ஜாமீன்தாரரின் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று மாஜிஸ்திரேட் ஏற்க மறுத்தார். நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அதைக் கண்டித்து, ஆயிரம் ரூபாய் சொந்தப் பிணையில், அதாவது ஜாமீன்தாரர் இல்லாமல் அவரே எழுதித் தரும் உறுதியின் பேரில், அவரை விடச் சொன்னார்.

ஜாமீனை உரிமையாகவே கேட்கக்கூடிய குற்றங்களுக்குச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. கைதாகி ஒரு வாரத்துக்குள் ஜாமீன்தாரரைக் காட்ட முடியாதவரை வசதியற்றவராகக் கருதி, சொந்தப் பிணையில் விட வேண்டும். மற்ற வழக்குகளிலும் ஜாமீன் உத்தரவு வந்து ஒரு வாரம் ஆகிவிட்டால் இதே விதி பொருந்தும் என்று தமிழ்நாடு சட்டமன்றம் ஒரு திருத்தம் கொண்டுவர வேண்டும். தினசரிக் கையெழுத்தையும், அவசியம் என்ன என்று நீதிமன்றம் காரணம் எழுதினால் மட்டுமே விதிக்கலாம் என்று அதில் சேர்க்க வேண்டும்.

மாநிலத்துக்கு அதிகாரம் உண்டா என்று கேட்பார்கள். உண்டு. குற்றவியல் நடைமுறை, மத்திய அரசும் மாநிலமும் சட்டம் இயற்றக்கூடிய பொதுப் பட்டியலில் இருக்கிறது. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்று மாநிலம் திருத்தலாம். நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-இல், உத்தரப் பிரதேசம் முன்ஜாமீனையே நீக்கியது மாநிலத் திருத்தத்தால்தான். 2019-இல் அதைத் திரும்பக் கொண்டுவந்ததும் அப்படித்தான். பறிப்பதற்குப் பயன்பட்ட அதிகாரம் ஏழைக்குக் கொடுப்பதற்கும் பயன்படட்டும்.

ஜாமீன்தாரர் இல்லாமல் விட்டால் ஓடிவிடுவார்கள் என்ற பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தத் தம்பிக்கு இருப்பது ஒரு வாடகை வீடும் அம்மாவும்தான். ஓடிப்போக இடம் எங்கே? இதுவரை ஒரு வாய்தாவைக்கூட அவர் தவறவிட்டதில்லை. ஒவ்வொரு முறையும் அந்த அம்மாவும் மஞ்சள் பையோடு கூடவே போகிறார்.