உடைந்த மூடியே அச்சாகாது

அம்பாசமுத்திரம் பக்கத்து அரிசி ஆலையின் பழைய நீராவி எந்திரத்தை மீட்கும் முயற்சி பற்றிய கட்டுரை மனத்தை நிறைத்தது. ஆனால், உடைந்த சிலிண்டர் மூடியை ஒட்டவைத்து, அதையே மண்ணில் பதித்து, அந்தக் குழியில் உருகிய இரும்பை ஊற்றி வார்த்துவிடலாம் என்று அதில் சொல்லியிருப்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. வார்ப்பிரும்பு ஆறும்போது ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு சுருங்கும். 600 மி.மீ. அகல மூடி 6 மி.மீ. சிறுத்துவிடும், கடைசலில் சீவினால் இன்னும் குறையும். பிறகு எப்படிப் பொருந்தும்?

மர அச்சுதான் சரி. நன்கு உலர்ந்த தேக்கில், சுருக்கத்தையும் சீவப்போகும் 3 மி.மீ. அளவையும் கூட்டிச் செய்ய வேண்டும். பக்கங்களில் லேசான சரிவு இல்லையென்றால் அச்சை உருவும்போது மண் உதிரும். உள்மூலைகளில் மெழுகை விரலால் அழுத்தி ஆசாரி ஒருவர் வளைவாக்கியதை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். எவ்வளவு பொறுமை! மூலை கூர்மையாக இருந்தால் வார்ப்பு அங்கேதான் விரிசல் விடும்.

வார்ப்பதற்கு அச்சு கோவை வார்ப்பாலைக்குப் போகட்டும். அச்சை நம் ஊர் மரவேலைக்காரர்களே செய்யட்டும், அந்தக் கைத்திறம் இங்கே உண்டு. வேலை முடிந்ததும் அச்சுகளை விறகாக்கிவிடாதீர்கள். அரக்கு வார்னிஷ் பூசி, பாகத்தின் பெயரை எழுதி, எந்திரத்தின் பக்கத்திலேயே வையுங்கள்.