ஆமாம், நான் இலக்கணப் போலீஸ்தான்

நம் குழுவின் போஸ்டர் விவகாரம் உங்களில் பலருக்குத் தெரியும். பழங்கால ரோமின் அரசியல்வாதி சிசரோ பற்றிய கூட்டத்துக்கு, அவருடைய லத்தீன் நூலின் பெயரை ரோமன் எழுத்தில் கொட்டையாக 'டே ரெஸ் பப்ளிகா' என்று போட்டிருந்தார்கள். 'டே ரே பப்ளிகா' என்று கமெண்டில் திருத்தினேன். நான் செய்த குற்றம் அவ்வளவுதான்.

"ஒரு எஸ் தானே சார்!" சரி, 'மரத்தில்' என்பதை 'மரமில்' என்று அச்சடித்தால் விடுவீர்களா? ரெஸ் பப்ளிகா ஒரு சொல் இல்லை, இரண்டு சொல். ரெஸ் பெண்பால் பெயர்ச்சொல், பப்ளிகா அதன் அடை. தமிழில் 'நல்ல' எங்கே போனாலும் 'நல்ல'தான். லத்தீனில் பெயர் மாறினால் அடையும் கூடவே மாறும்: இரண்டாம் வேற்றுமையில் ரெம் பப்ளிகம். 'பற்றி' என்று பொருள்படும் 'டே'வுக்குப் பின்னால் ரே பப்ளிகாதான் வரும்.

எனக்கு லத்தீன் சொல்லிக்கொடுத்த ஃபாதர் மேசையைத் தட்டித் தட்டி "ரெஸ், ரெயி, ரெயி, ரெம், ரே" என்று வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்க வைப்பார். தப்பினால் அன்று காபி கிடையாது. நான் நிறைய நாள் காபி குடிக்காமல் போயிருக்கிறேன்.

"மக்களாட்சின்னு அர்த்தம், போதும்" என்கிறார் இன்னொருவர். போதாது. ரெஸ் என்றால் பொருள், சொத்து, விவகாரம். ரெஸ் பப்ளிகா பொதுச் சொத்து, பொது விவகாரம். போலந்துக்காரர்கள் அப்படியே பெயர்த்து நாட்டுக்கே 'ஜெச்போஸ்போலிதா' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சிசரோவின் நூலில் பேசுகிற ரோமானியத் தளபதி சிபியோ அதை 'ரெஸ் போப்புலி', மக்களின் உடைமை என்கிறார். நல்ல அரசன் ஆண்டாலும் சிபியோ கணக்கில் அது ரெஸ் பப்ளிகாதான். கொடுங்கோலன் கையில் போனால் இல்லை. இப்போது சொல்லுங்கள், மக்களாட்சியா அது? இரண்டு சொல் ஐயா, இரண்டு சொல்!

'மேட்டிமைத்தனம்' என்று எழுதியவருக்குப் பதில் சொல்ல மாட்டேன். டியூஷன் எடுத்துப் பிழைக்கிறவன் மேட்டிமையாம்.

ரோமின் முதல் பேரரசர் அகஸ்டஸ், ரெஸ் பப்ளிகாவை செனட்டுக்கும் மக்களுக்கும் திருப்பிக் கொடுத்துவிட்டதாகத் தன் சாதனைப் பட்டியலில் தானே எழுதிக்கொண்டார். கி.மு. 28-27 சங்கதி. சொல்லில் ஓர் எழுத்து மாறவில்லை, படைகளில் பெரும்பகுதி மட்டும் அவர் கையிலேயே இருந்தது. நம் குழுவிலும் 'எல்லோரும் பேசலாம்' என்று மேலே பின் செய்திருக்கிறார்கள். என் கமெண்டை மட்டும் காணோம். பதினொரு வருடமாக அங்கே நாற்காலி எடுத்துப் போட்டவன் நான். ஒரு போன் செய்திருக்கலாம்.

சனிக்கிழமை வருவேன். போஸ்டருக்கு நேர் எதிரேதான் உட்காருவேன்.