அவங்க கேட்டது ரீடெஸ்ட், உங்க காதுல விழுந்தது பெருமை

சனிக்கிழமை பெற்றோர் கூட்டத்துல நடந்தது நம்ம ஏரியாக்காரங்களுக்குத் தெரியும். பள்ளிக்கூடத்துப் பேரையோ ஆள் பேரையோ இங்க இழுக்கப் போறதில்ல. மூணாங்கிளாஸ் படிக்கிற பொண்ணு ஒண்ணு செஸ் ஆடுது. அதோட அம்மா எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க: "டோர்னமென்ட் அஞ்சு நாள், நடுவுல ரெண்டு யூனிட் டெஸ்ட் வருது, திரும்பி வந்ததும் ரீடெஸ்ட் வைப்பீங்களா மிஸ்?" மிஸ் வாயைத் திறக்கறதுக்குள்ள பின்வரிசையிலேர்ந்து ஒரு குரல். "எங்க பிள்ளைங்க எல்லாம் சாதாரணப் பிள்ளைங்கதாங்க, அவங்களைப் பத்தியும் கொஞ்சம் பேசலாமா?" கூட்டமே சிரிச்சுது. அந்தம்மா உட்கார்ந்துட்டாங்க.

அந்தச் சிரிப்பைப் பத்தித்தான் இந்தப் பதிவு. நீளமாத்தான் இருக்கும், பிடிக்கலைன்னா தாண்டிப் போயிடுங்க.

அவங்க கேட்டது ரீடெஸ்ட். அவ்வளவுதான். உங்க காதுல ஏன் அது பெருமையா விழுந்துச்சு?

"ரேட்டிங் 1612னு எடுத்துவிட்டாங்களே, அது சீன் இல்லையா?"ங்கறாங்க. கூட்டத்துல யாரோ 'என்ன டோர்னமென்ட், ஸ்கூல் லெவலா?'ன்னு கேட்டதுக்குச் சொன்ன பதில் அது. சரி, அந்த 1612 என்னன்னு தெரிஞ்சுக்கிட்டாவது சிரிச்சிருக்கலாம். ரேட்டிங்னா செஸ் ஆடுறவரோட பலத்தைக் காட்டுற புள்ளி, ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஏறும் இறங்கும். எவ்வளவு வேகமா ஏறி இறங்கும்னு முடிவு பண்ற எண்ணுக்குப் பேரு கே மதிப்பு. 18 வயசுக்குக் கீழ, 2300க்குக் கீழ இருக்கிற பிள்ளைங்களுக்கு ஃபிடே, அதாவது உலக செஸ் கூட்டமைப்பு, கணக்குல அது 40. தன்னைவிட 200 புள்ளி கம்மியா இருக்கிற பிள்ளையோட இந்தப் பொண்ணு ஆடுதுன்னு வைங்க. ஜெயிச்சா கிடைக்கிறது 9.6. டிரா ஆனா 10.4 போகும். தோத்தா 30.4 போகும். மூணு ஆட்டம் ஜெயிச்சுச் சேர்த்தது ஒரே தோல்வில காலி. சின்ன வயசுப் பிரிவுல மேல இருக்கிற குழந்தைக்கு முதல் ரவுண்டுகள்ல வர்றதெல்லாம் கீழ இருக்கிறவங்கதான். ஜோடி சேர்க்கிற ஸ்விஸ் முறையில ரேட்டிங் வரிசையில மேல்பாதியைக் கீழ்பாதியோட மோத விடுவாங்க. அந்தக் கீழ்பாதியில இருக்கிற 1412 நிஜத்துல 1412 இல்ல. ஆறு மாசமா ராத்திரி பகலா பயிற்சி எடுத்து, ரேட்டிங் இன்னும் ஏறாம நிக்கிற ஒரு பிசாசு.

ஆக, 1612ங்கறது அந்த வீட்டுல பதக்கம் கிடையாது, அடுத்த மாசம் என்ன ஆகுமோங்கற பயம். இந்தப் பயத்தோடதான் ஒரு அம்மா வாயைத் திறந்தாங்க.

லீவு ஏன்னு கேட்கிறவங்களுக்கும் சொல்லிடறேன். ஒன்பது ரவுண்டு, முதல் நாள் ஒண்ணு, மத்த நாலு நாளும் ரெண்டு ரெண்டு. ஆளுக்கு 90 நிமிஷம், நகர்த்தலுக்கு 30 வினாடி கூடுதல். 60 நகர்த்தல் போச்சுன்னா ஒரே ஆட்டம் நாலு மணி நேரம். காலையில 9.30க்கு உட்கார்ந்தது ஒன்றரைக்கு எழுந்து வரும், மூணு மணிக்கு அடுத்த ரவுண்டு. நடுவுல இருக்கிற ஒன்றரை மணி நேரத்துல சாப்பாடு, பாத்ரூம், அழுகை, அடுத்த எதிராளி யாருன்னு பார்த்துத் தயாராகறது எல்லாம் முடியணும். எட்டு வயசு. எண்ணெய்ப் பலகாரம் எதுவும் கொடுக்கக் கூடாது, நாலு மணிக்குக் கண் சொருகிடும். தயிர்சாதமும் உருளைக்கிழங்கும்தான். அதையும் முழுசாக் கொடுத்தா ஆபத்து.

பெத்தவங்க ஹாலுக்குள்ள போக முடியாது. படிக்கட்டுல நியூஸ்பேப்பர் விரிச்சு உட்கார்ந்திருப்பாங்க. அங்க ஒரு விஷயம் பார்க்கலாம். கதவு திறந்து குழந்தைங்க வெளிய வரும்போது பழகின அம்மாக்கள் முகத்தைப் பார்க்க மாட்டாங்க. கையைப் பார்ப்பாங்க. ஜெயிச்ச பிள்ளை, நகர்த்தல்களை எழுதி வைக்கிற ஸ்கோர் ஷீட்டை விரிச்சுப் பிடிச்சுக்கிட்டு வரும். தோத்த பிள்ளை அதைக் குழாய் மாதிரிச் சுருட்டிக்கிட்டு வரும். சுருட்டின தாளைப் பார்த்ததும் எதுவும் கேட்கக் கூடாதுன்னு எந்த நல்ல கோச்சும் சொல்லுவார். "ஏன் தோத்தே, குதிரையை ஏன் விட்டே"ன்னு அந்த வராண்டாவுலயே ஆரம்பிக்கிற அப்பாக்கள் உண்டு. அடுத்த ரவுண்டும் அங்கேயே போச்சு. முதல்ல தண்ணி, அப்புறம் சாப்பாடு, ஆட்டத்தைப் பத்திப் பேசறது ராத்திரி ரூமுக்குப் போனப்புறம், அதுவும் குழந்தை தாளை எடுத்தாத்தான்.

இன்னொண்ணு, வெளிய இருந்து பார்க்கிறவங்களுக்குப் புரியாதது. ஆறு நகர்த்தல் தள்ளி என்ன வரும்னு கணக்குப் போடுற குழந்தைக்கு ஷூ லேஸ் கட்டத் தெரியாது. மூளைக்குப் பதினாலு வயசு, அழுகைக்கு ஆறு வயசு. தோத்துட்டு மேஜைக்கு அடியில போய் உட்கார்ந்துக்கும். கிளாஸ்ல மிஸ் பாதி சொல்லும்போதே விடையைக் கத்திட்டு, மீதி நேரம் பக்கத்துப் பிள்ளையோட பென்சிலை உடைச்சுக்கிட்டு இருக்கும். அதுக்கு டைரியில "ஒழுக்கம் இல்லை"ன்னு சிவப்பு மையில எழுதி வரும். இதை எங்க போய்ப் பேசறது? வேகமாப் படிக்கிற குழந்தையால வர்ற சிக்கலைச் சொல்லணும்னா, குழந்தை வேகமாப் படிக்குதுன்னு முதல்ல சொல்லியாகணும். அந்த முதல் வாக்கியம் முடியறதுக்குள்ளயே நீங்க காதைப் பொத்திக்கறீங்க. ரெண்டாவது வாக்கியத்துலதான் சிக்கலே இருக்கு.

சரி, இப்ப வழக்கமான பதில்களுக்கு வர்றேன்.

"எல்லாக் குழந்தையும் திறமைசாலிதான்." கேட்க நல்லாயிருக்கு. என் பிள்ளைக்குக் கணக்கு வரலைன்னு ஒருத்தர் அழுதா, "எல்லாப் பிள்ளைக்கும் கணக்கு வராதுதான்"னு சொல்லிட்டு எழுந்து போவீங்களா? நல்ல டியூஷன் சென்டர் சொல்லுவீங்க. இங்க மட்டும் ஏன் தத்துவம்?

"பீத்திக்கிறவங்க இல்லவே இல்லையா?" இருக்காங்க, ஏன் இல்லாம. ஒருநாள் டோர்னமென்ட்ல கலந்துக்கிட்ட எல்லாருக்கும் கொடுக்கிற மெடலை ஆறு கோணத்துல போட்டோ எடுத்து அனுப்புறவங்களை நானும் பார்க்கிறேன். எரிச்சலாத்தான் வரும். ஆனா வித்தியாசம் கண்டுபிடிக்கிறது ஒண்ணும் கஷ்டமில்ல. பீத்தல் முற்றுப்புள்ளில முடியும். கஷ்டம் கேள்வியில முடியும். அந்தம்மா பேசினது கேள்விக்குறியில முடிஞ்சுது.

"வள்ளுவரே 'சான்றோன் எனக்கேட்ட தாய்'னுதான் சொன்னார், 'சொன்ன தாய்'னு சொல்லலையே"ன்னு ஒரு அண்ணன் இன்பாக்ஸ்ல வந்து சொன்னார். அருமை அண்ணே. கேட்கணும்னா யாராவது சொல்லணுமே, நீங்க எத்தனை தாய்கிட்ட போய்ச் சொல்லியிருக்கீங்க?

"வசதியானவங்க கவலைப்பா இது." இதுல விஷயம் இருக்கு, மறுக்கலை. கோச் ஃபீஸ், ரயில் டிக்கெட், அஞ்சு நாள் ரூம், கூடப்போற ஒருத்தரோட சம்பள வெட்டு. இதெல்லாம் இல்லாம எத்தனை பிள்ளைங்க ஏழு வயசுலயே நின்னு போகுதுங்கன்னு யாருக்கும் தெரியாது. ஆனா ஒண்ணு, இந்த நியாயம் உங்களுக்கு அந்தம்மா எழுந்து நின்னப்பதான் ஞாபகம் வந்துச்சு. பிறந்தநாளுக்கு மண்டபம் பிடிச்சப்ப வரலை.

நிஜக் காரணம் வேற. நம்ம தலைமுறையில ஒப்பீடுதான் பிரம்பு. "பக்கத்து வீட்டுப் பையனைப் பாரு, அத்தை பொண்ணைப் பாரு"ன்னு கேட்டுக் கேட்டு வளர்ந்த காது இது. யாராவது தன் பிள்ளையைப் பத்தி நல்லதா ஒரு வார்த்தை சொன்னா, அந்தப் பழைய பிரம்பு மறுபடி நம்ம முதுகுல விழுது. கூடவே ஒரு பயம்: நம்ம பிள்ளைகிட்ட இருந்ததை நாம கவனிக்காம விட்டுட்டோமோ? வலி நிஜம். ஆனா அடிச்சது அந்தம்மா இல்லையே. நாப்பது வயசு ஆளுக்கு அவங்க வீட்டுல விழுந்த அடிக்கு எட்டு வயசுப் பிள்ளையோட அம்மா ஏன் உட்காரணும்?

2023 ஆகஸ்ட்டை ஞாபகப்படுத்திப் பாருங்க. பாகுவுல செஸ் உலகக் கோப்பை. பிரக்ஞானந்தாவைச் சுத்தி நிருபர்கள், ஓரமா நின்னு பார்த்துக்கிட்டிருந்த அவங்க அம்மா நாகலட்சுமி. அந்தப் படத்தை ஸ்டேட்டஸ் வைக்காத வீடு உண்டா? வெளிநாட்டுக்கு ஸ்டவ்வும் குக்கரும் தூக்கிட்டுப் போய் ரசம் வச்சுக் கொடுத்தாங்கன்னு நாம உருகினோம். உருக வேண்டிய விஷயந்தான். ஆனா நாம அந்தப் படத்தை ஏன் அவ்வளவு கொண்டாடினோம்னு யோசிச்சா, அதுல அவங்க பேசலை. பேசாத அம்மா தெய்வம். எழுந்து ரீடெஸ்ட் கேட்டா சீன் பார்ட்டி.

குகேஷோட அப்பா காது மூக்கு தொண்டை டாக்டர். பிராக்டீஸை நிறுத்திட்டுப் பையனோட ஊர் ஊராப் போனார். நாலாங்கிளாஸுக்கு அப்புறம் பையனை முழுநேரப் பள்ளிக்கும் அனுப்பலை. 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர், அப்ப உலக சாம்பியனா இருந்த டிங் லிரெனோட பதினாலாவது ஆட்டம், 18 வயசுல உலக சாம்பியன். அன்னைக்கு அதுக்குப் பேரு தியாகம். அதையே பையனுக்குப் பத்து பதினோரு வயசு இருக்கும்போது உங்க பெற்றோர் கூட்டத்துல எழுந்து சொல்லியிருந்தா? "டாக்டருக்குப் படிச்சுட்டுப் புத்தி இப்படிப் போகுதே"ன்னு அதே பின்வரிசை சொல்லியிருக்கும். ஜெயிச்ச மறுநாள் "நம்ம பையன்". ஜெயிக்கிற வரைக்கும் "அவங்க பையன், அவங்க பெருமை".

அதுவும் அப்பா சொன்னா "சார் ரொம்ப மெனக்கெடுறார்." அம்மா சொன்னா "பெருமை பீத்தக்கலம்." சனிக்கிழமை எழுந்தது ஒரு அப்பாவா இருந்தா அந்தச் சிரிப்பு வந்திருக்குமாங்கறது எனக்கு இன்னும் ஓடிக்கிட்டே இருக்கு. இதைச் சொன்னா "எல்லாத்துலயும் ஆண் பெண் பார்க்கறீங்க"ம்பீங்க. ஆமாங்க, பார்க்கிறேன். அந்தப் படிக்கட்டுல சாப்பாட்டுப் பையோட உட்கார்ந்திருக்கிறதுல பெரும்பாலும் யாருன்னு ஒருநாள் வந்து பார்த்துட்டு வாங்க, அப்புறம் பேசலாம்.

"திருஷ்டி படும், எதுக்கு வெளிய சொல்லணும்"னு அக்கறையா சொல்றவங்க மேல எனக்குக் கோபமில்ல. அவங்க சொல்ற வழியில போற ஒரு வீடு எனக்குத் தெரியும். பையன் அஞ்சாங்கிளாஸ். கல்யாண வீட்டுல யாராவது "தம்பி என்ன பண்றான்"னு கேட்டா, அவங்கம்மா "சும்மா, பொழுதுபோக்கா ஏதோ ஆடுவான்"ங்கறாங்க. பக்கத்துல நிக்கிற பையன் அம்மாவை நிமிர்ந்து பார்க்கிறான். நாலு மணி நேரம் உட்கார்ந்து ராஜாவும் சிப்பாய்களும் மட்டும் மிச்சமிருக்கிற ஒரு முடிவாட்டத்தை ஜெயிச்சவன், அது "சும்மா"ன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுக்கறான்.

சிரிச்சவங்க யாரும் கெட்டவங்க இல்ல. அதுல பாதிப் பேரை எனக்குப் பழக்கம், நாளைக்குப் பால் பூத்துல பார்த்தா வணக்கம் சொல்லிக்குவோம். இந்தப் பதிவைப் படிச்சுட்டு "எங்களைத்தான் குத்திக் காட்டறீங்களா"ன்னு கேட்டா, ஆமா.

ரீடெஸ்ட் கேள்விக்கு இன்னைக்கு வரைக்கும் பதில் வரலை. வெள்ளிக்கிழமை காலையில முதல் ரவுண்டு.