மேற்படி ஆண்டவர் சமூகத்திற்கு

(காரைக்குடியில் ஒரு பழைய வீட்டின் பின்கட்டு. திருமண வீட்டுக்குக் கொடுக்க வேண்டிய தேன்குழலைச் சவரியம்மாள் பிழிந்துகொண்டிருக்கிறார். பத்திர எழுத்தரான அவருடைய தம்பி சூசை, கையில் ஒரு முழுத்தாளுடன் வருகிறார். சூசை பேச்சிலும் மூச்சிலும் பத்திர நடையைக் கைவிடாதவர். அவரிடம் பேசுகிறவர்களும் சிறிது நேரத்தில் அந்த நடைக்கு இழுக்கப்பட்டுவிடுவார்கள். வாசகர்கள் பொறுத்தருள வேண்டும்.)

சூசை: அக்கா, இன்று மாலை நற்கருணை ஆராதனையில் தனியாக அமர்ந்து செபிக்கலாம் என்று எண்ணி, செபத்தை முன்கூட்டியே எழுதி எடுத்து வந்திருக்கிறேன். ஒரு முறை வாசிக்கிறேன்; பிழை இருந்தால் சொல்.

சவரியம்மாள்: வாசி. கைக்குத்தான் வேலை இருக்கிறது. காது சும்மாதான் இருக்கிறது.

சூசை: (தொண்டையைச் செருமிக்கொண்டு) ‘விண்ணையும் மண்ணையும் படைத்துப் பரிபாலித்து வரும் எல்லாம் வல்ல ஆண்டவர் சமூகத்திற்கு, சிவகங்கை மாவட்டம், காரைக்குடி வட்டம், மேற்படி ஊரில், வடக்கே பொதுப்பாதைக்கும் தெற்கே ஊருணிக்கும் இடைப்பட்ட வீட்டில் குடியிருந்து வரும் சூசை ஆகிய நான், சுய புத்தியுடனும் பிறர் தூண்டுதல் ஏதுமின்றியும் மனப்பூர்வமாகச் செய்துகொள்ளும் விண்ணப்பம் யாதெனில்...’

சவரியம்மாள்: நிறுத்து தம்பி. வடக்கெல்லை தெற்கெல்லை சொல்லாவிட்டால், ஆண்டவர் உன் ஆசீர்வாதத்தை அடுத்த வீட்டில் கொடுத்துவிட்டுப் போய்விடுவாரா?

சூசை: ஒரே வீட்டுக்குப் பத்து இருபது பங்காளிகள் கையொப்பமிட வேண்டியிருக்கும் இந்தச் செட்டிநாட்டில் இருந்துகொண்டு, எல்லை குறிப்பிடுவதைக் கேலி செய்யாதே அக்கா. மேலே கேள். ‘எதிர்க்கடையில் கணினி வைத்துத் தொழில் நடத்திவரும் இளைஞன், சகல நலன்களும் பெற்று நீடூழி வாழ்ந்து...’

சவரியம்மாள்: (பிழிவதை நிறுத்திவிட்டு) அவன் நீடூழி வாழ வேண்டும் என்று நீயா கேட்கிறாய்? அவனுடைய பிரிண்டருக்குள் எலி புகுந்து வயரைக் கடிக்க வேண்டும் என்று நேற்று இரவு இட்லியைப் பிட்டுக்கொண்டே சொன்னது யார்?

சூசை: அது வீட்டில் சொன்னது. இது கோவிலில் சொல்வது.

சவரியம்மாள்: இரண்டு இடத்திலும் கேட்டுக்கொண்டிருப்பவர் ஒருவர்தானே? இட்லி சாப்பிடும்போது ஒரு சூசையையும், முழந்தாளிடும்போது இன்னொரு சூசையையும் பார்க்கிற ஆண்டவர், இதில் யாருக்குப் பதில் சொல்வது என்று திகைத்துப் போயிருப்பார்.

சூசை: அப்படியானால் எலி விவகாரத்தையும் செபத்தில் எழுதச் சொல்கிறாயா? எதிரியை அன்பு செய்யச் சொன்னவரிடம் போய், எதிரிக்கு எலியை அனுப்பும் என்று எப்படிக் கேட்பது?

சவரியம்மாள்: திருப்பாடல் 109-ஐ எடுத்துப் பார். தன் மீது பொய்க் குற்றம் சாட்டியவனைப் பற்றி அதைப் பாடிய மனிதர் என்னவெல்லாம் கேட்கிறார் தெரியுமா? அவனுடைய வாழ்நாள் குறைய வேண்டும், அவனுடைய பதவியை வேறொருவன் எடுத்துக்கொள்ள வேண்டும், கடன் கொடுத்தவன் அவனுடைய சொத்தையெல்லாம் பிடுங்கிக்கொள்ள வேண்டும் என்று பட்டியலே போட்டிருக்கிறார். உன் எலி அதற்கு முன்னால் மிகவும் சாதுவானது.

சூசை: (அதிர்ந்து) சொத்தைப் பிடுங்கிக்கொள்ளவா? இது விவிலியத்திலா இருக்கிறது? கோவிலில் ஒருநாளும் வாசிக்கக் கேட்டதில்லையே!

சவரியம்மாள்: கேட்டிருக்க மாட்டாய். 1971-இல், குருக்கள் நாள்தோறும் செபிக்கும் திருப்புகழ்மாலை நூலைப் புதுப்பித்தபோது, 58, 83, 109 ஆகிய மூன்று திருப்பாடல்களையும் கடுமையானவை என்று அதில் சேர்க்காமல் விட்டுவிட்டார்கள் என்று பங்குத்தந்தை சொன்னார். ஆனால் விவிலியத்திலிருந்து யாரும் அவற்றை எடுக்கவில்லை. அந்த மனிதர் கத்தியை எடுத்துக்கொண்டு எதிரியின் வீட்டுக்குப் போகாமல், வாயில் வந்ததையெல்லாம் ஆண்டவரிடம் கொட்டிவிட்டு வீட்டில் இருந்தார் என்பதைக் கவனி. நீயும் எலியைப் பிடித்துக்கொண்டு எதிர்க்கடைக்குப் போகாமல், அவர் கையில் ஒப்படைத்துவிடு. அனுப்புவதும் அனுப்பாததும் அவர் பாடு.

சூசை: ஆனாலும் பெரியவர்களிடம் பேசுவதற்கென்று ஒரு மரியாதை இருக்கிறது அல்லவா? விவிலியத்தில், துன்பத்தில் உழன்ற யோபுவைப் பார்க்க வந்த நண்பர்கள் மூவரும் எவ்வளவு அழகாக, எவ்வளவு பக்தியாகக் கடவுளுக்காக வாதாடினார்கள்!

சவரியம்மாள்: நல்ல ஆட்களைப் பிடித்தாய். யோபு தான் பிறந்த நாளையே சபித்தார். தன்னைக் குறிவைத்து அம்பு எய்கிறார் என்று கடவுள் மீதே குற்றம் சாட்டினார். வழக்காட அவரைக் கூப்பிடவும் செய்தார். நண்பர்களோ கடவுளின் நீதியைப் பற்றிப் பிழையில்லாமல் பேசிக்கொண்டே இருந்தார்கள். யோபு நூலின் நாற்பத்திரண்டாம் அதிகாரத்தில் கடவுள் சினம் கொண்டது யார் மீது? என்னைப் பற்றி யோபு சரியாகப் பேசியதைப் போல் நீங்கள் பேசவில்லை என்று, அந்தப் பத்திர எழுத்தர்கள் மீதுதான்.

சூசை: அவர்கள் பத்திர எழுத்தர்கள் என்று எங்கே எழுதியிருக்கிறது?

சவரியம்மாள்: நடையைப் பார்த்தாலே தெரிகிறது.

(இந்த இடத்தில் சூசை தம் தொழிலின் கௌரவம் குறித்து ஆற்றிய உரை நீண்டது. அதனால் ஒரு ஈடு தேன்குழல் சற்றுக் கூடுதலாகச் சிவந்ததைத் தவிர வேறு பயன் விளையாததால், அதை இங்கே தரவில்லை.)

சூசை: சரி, இதற்குப் பதில் சொல். நாம் கேட்கும் முன்பே நம் தேவை தந்தைக்குத் தெரியும் என்று மத்தேயு நற்செய்தியின் ஆறாம் அதிகாரத்தில் இயேசுவே சொல்லியிருக்கிறார். தெரிந்த விஷயத்தை மறுபடியும் ஏன் தெரிவிக்க வேண்டும்?

சவரியம்மாள்: தெரிவிப்பதற்கு அல்ல தம்பி, ஒளிக்காமல் இருப்பதற்கு. ஏதேன் தோட்டத்தில் ஆதாம் எங்கே இருந்தான் என்பது கடவுளுக்குத் தெரியாதா? தெரிந்துகொண்டுதானே ‘நீ எங்கே இருக்கிறாய்?’ என்று கேட்டார்? ஆதாம் மரங்களுக்குப் பின்னால் ஒளிந்தான். நீ ‘மேற்படி’க்குப் பின்னால் ஒளிந்திருக்கிறாய். அவ்வளவுதான் வேறுபாடு.

சூசை: (தாளின் கடைசி வரியைச் சுட்டி) ஆனால் முடிவை நன்றாக எழுதியிருக்கிறேன், பார். ‘எனினும் என் விருப்பப்படி அல்ல, உம் விருப்பப்படியே ஆகட்டும்.’ ஆண்டவர் இயேசுவே, சிலுவைச் சாவுக்கு முந்திய இரவில் கெத்சமனித் தோட்டத்தில் சொன்ன சொல். இதில் நீ குறை காண முடியாது.

சவரியம்மாள்: அதற்கு முந்திய வரி எங்கே? அந்த இரவில் அவர் திகிலும் மனக்கலக்கமும் அடைந்தார். சாகும் அளவுக்கு உள்ளம் வருந்துகிறது என்று சீடர்களிடம் சொன்னார். தரையில் விழுந்து, ‘இந்தத் துன்பக் கிண்ணத்தை என்னிடமிருந்து அகற்றும்’ என்று கேட்டார். வேண்டாம் என்பதை வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் உம் விருப்பப்படி என்றார். அதுவும் ஒரே தடவையில் முடியவில்லை; திரும்பத் திரும்பப் போய் அதையே கேட்டார். கடவுளின் மகனுக்கே தேவைப்பட்ட முதல் வரியை நீ விட்டுவிட்டு, நேராகக் கடைசி வரிக்குத் தாவி இப்படிக்கு என்று கையொப்பமிடுகிறாய். உனக்கு என்ன விருப்பம் என்பதையே சொல்லாதபோது, அவருடைய விருப்பத்துக்கு நீ எதை விட்டுக்கொடுக்கிறாய்?

(சூசை நெடுநேரம் பேசவில்லை. பத்திர எழுத்தர் ஒருவர் வாக்கியத்தை முடிக்காமல் இருப்பது அபூர்வம். தொடங்காமலே இருப்பது அதனினும் அபூர்வம். பிறகு தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, எண்ணெய்ச் சட்டிக்குச் சற்றுத் தள்ளிக் கிடந்த முக்காலியில் அமர்ந்து கண்ணை மூடுகிறார்.)

சூசை: ஆண்டவரே... எதிர்க்கடைப் பையனின் பிரிண்டர் பழுதாக வேண்டும். பிரிண்டர் மட்டும், பையனுக்கு ஒன்றும் ஆக வேண்டாம். அவன் எனக்கும் சேர்த்துத்தான் தேநீர் சொல்கிறான். இணையத்தில் ஏற்ற வேண்டியதை எனக்கு ஏற்றிக் கொடுத்துவிட்டுக் காசு வாங்க மறுக்கிறான். அதனால்தான் அவனைப் பார்த்தாலே எனக்கு எரிகிறது. (குரல் மாறுகிறது.) உண்மையில் கோபம் அவன் மீது இல்லை. என் கையெழுத்துக்காகத் தேவகோட்டையிலிருந்து தேடி வந்தவர்கள் இருந்தார்கள். இப்போது என் மேசைக்கு வருகிறவர்கள் ஜெராக்ஸ் கடை எங்கே என்று கேட்கத்தான் வருகிறார்கள். நான் எதற்கு இருக்கிறேன் என்று எனக்குத் தெரியவில்லை. இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நீர் சும்மா இருக்கிறீர் என்பதால், உம் மீதுதான் எனக்குக் கோபம்.

(ஒரு கண்ணை மட்டும் திறக்கிறார்.)

சூசை: அக்கா, இடி விழவில்லை.

சவரியம்மாள்: இந்தச் சித்திரை வெயிலில் இடி விழுந்தால், மழை வருகிறது என்று ஊரே ஓடி வந்து உனக்கு மாலை போடும். மேலே சொல்.

சூசை: சொன்னதற்குப் பதில் வர வேண்டாமா? கையொப்பம் இல்லாவிட்டாலும் ஓர் ஒப்புகைச் சீட்டாவது...

சவரியம்மாள்: பதில் என்ன வரும், எப்போது வரும் என்பது எனக்குத் தெரியாது. என் கணவர் இறந்த வருடம் முழுவதும், திருப்பாடல் 88-ஐத்தான் அடுப்படியில் சொல்லிக்கொண்டிருந்தேன். மற்றப் புலம்பல் பாடல்களில் பெரும்பாலும் கடைசியிலாவது ஒரு நம்பிக்கை வரி வரும்; அது இருள் என்பதோடு முடிந்துவிடும். எனக்குப் பதில் வந்ததாக ஒரு நாளையும் குறிப்பிட்டுச் சொல்ல முடியாது. ஆனால் அந்த வருடத்தில்தான் அவரிடம் பேசவே பழகினேன். அதற்கு முன்பெல்லாம் ஒப்பித்துக்கொண்டிருந்தேன். இப்போது முறுக்கு உடைந்தாலும் அவரிடம்தான் சண்டை.

சூசை: அவர் பொறுத்துக்கொள்கிறாரா?

சவரியம்மாள்: உடைந்ததைத் தின்ன நீ வந்துவிடுகிறாய், அவருக்கு என்ன குறை? சரி, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டாய். இனிச் சற்று நேரம் பேசாமல் அவர் முன் இரு. அவருக்கும் உன்னிடம் சொல்ல ஏதாவது இருக்கலாம்.

(சூசை கண்ணை மூடுகிறார். மூன்று ஈடு தேன்குழல் வெந்து இறங்குகிறது. அவருடைய உதடுகள் மட்டும் விடாமல் அசைந்துகொண்டிருக்கின்றன.)

சவரியம்மாள்: தம்பி, கோவிலுக்கு மணி அடித்துவிட்டது. ஆராதனைக்குப் போகவில்லையா? இன்னும் என்ன முணுமுணுக்கிறாய்?

சூசை: சற்றுப் பொறு அக்கா. கோபங்களை வருட வாரியாக எடுத்துச் சொல்லிக்கொண்டு வருகிறேன். இப்போதுதான் உன் கல்யாணச் சீர் வரைக்கும் வந்திருக்கிறேன்.