எல்லா போனுக்கும் ஓடும் சார்!

"இந்தச் சார்ஜர் 65 வாட்ஸ் சார், எல்லா போனுக்கும் ஓடும்." ஓடும்தான். நடக்கிற மாதிரி ஓடும்.

நான் கேட்டது ஒரே கேள்வி. "தம்பி, இதுல பிபிஎஸ் இருக்கா?" போன் கேட்கக் கேட்க வோல்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி இறக்கித் தருகிற வசதிக்குத்தான் அந்தப் பெயர். கடைப் பையன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "பிடி இருக்கு சார்." அது டைப்-சி சார்ஜர்களுக்குப் பொதுவான வேக முறை. "பிடி சரி, பிபிஎஸ்?" "எல்லாமே இருக்கு சார், ஃபாஸ்ட் சார்ஜிங்!" "எங்கே போட்டிருக்கு?" பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். முன்பக்கம் கொட்டை எழுத்தில் 65. பக்கவாட்டில் மின்னல். பின்பக்கம் ஒரு பச்சை இலை, பூமியைக் காப்பாற்ற. விவரமெல்லாம் சார்ஜரின் உடம்பில்தான் இருக்கிறதாம். அதைப் பார்க்கச் சீல் உடைக்க வேண்டும். சீல் உடைத்தால் ரிட்டர்ன் கிடையாது. என்ன ஒரு ஏற்பாடு!

உடைத்தாயிற்று. சாம்பல் நிறப் பிளாஸ்டிக்கில் சாம்பல் நிற எழுத்து, அதுவும் பொடிப்பொடியாக. உயிர் போகிற நிலையில் இருந்த போனில் டார்ச் அடித்துப் படித்தேன். 5 வோல்ட் 3 ஆம்ப், 9 வோல்ட் 3 ஆம்ப், 15 வோல்ட் 3 ஆம்ப், 20 வோல்ட் 3.25 ஆம்ப். முடிந்தது. 3.3 முதல் 11 வோல்ட் வரை என்கிற மாதிரி ஒரு வரி இருந்தால்தான் பிபிஎஸ். அந்த வரியைக் காணோம். "பார்த்தீங்களா சார், 20 வோல்ட்டே இருக்கு!" என்று பையனுக்கு ஒரே பெருமை. தம்பி, அது லேப்டாப்புக்கு. என் போன் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காது.

சார்ஜரும் போனும் சம்பந்தம் பேசுகிற மாதிரிதான் இது. என்னால் இன்னின்னது தர முடியும் என்று சார்ஜர் சொல்லும், போன் அதில் ஒன்றைக் கேட்கும். பேச்சு ஒத்துவராவிட்டால் வெறும் 5 வோல்ட் சீரோடு காரியம் முடியும். ஐரோப்பாவில் 2024 டிசம்பர் 28 முதல் புதுப் போன்களுக்கெல்லாம் டைப்-சி கட்டாயம். நல்லது, துளை ஒன்றாகிவிட்டது. பாஷை? ஒருவன் பிபிஎஸ் கேட்கிறான், இன்னொருவன் தன் கம்பெனிச் சார்ஜரைத் தவிர எதைச் செருகினாலும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். போதாததற்கு கேபிள். சாதாரண டைப்-சி கேபிள் 3 ஆம்புக்கு மேல் தாங்காது, அதற்கு மேல் போக உள்ளே ஒரு சிப் வேண்டும். அதை எந்தக் கடையில் கேட்டாலும் என்னைத்தான் ஒரு மாதிரி பார்க்கிறார்கள்.

பெட்டியிலேயே சார்ஜர் போட்டுக் கொடுத்த காலத்தில் இந்தத் தொல்லை உண்டா? 2020 அக்டோபரில் ஐபோன் 12 வந்தபோது ஆப்பிள் அதை எடுத்தது, சுற்றுச்சூழலுக்காகவாம். அடுத்த ஜனவரியில் எஸ்21 வந்தது, சாம்சங்கும் எடுத்தது. மிச்சம் பிடித்த பிளாஸ்டிக்கையெல்லாம் இப்போது தனிப் பெட்டி, தனிக் கவர், தனி பில் போட்டு நான் வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

சரி, கதைக்கு வருகிறேன். "சீல் உடைஞ்சிருச்சே சார்" என்று கல்லாவிலிருந்து முதலாளி இழுத்தார். வேறு வழி? பணம் அனுப்பப் போனை எடுத்தால், டார்ச் அடித்த களைப்பில் அது கண்ணை மூடிவிட்டது. ரொக்கமாகக் கொடுத்தேன். மீதி முழுக்கப் பத்து ரூபாய் நாணயம்.

அதைக் கொண்டுபோய் வண்டி நிறுத்தத்தில் நீட்டினால், "பத்து ரூபா காயின் வாங்கறதில்ல சார்." ஏன்? "செல்லாது." யார் சொன்னது? அந்த நாணயத்தின் 14 வடிவமும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018லேயே சொல்லியாயிற்று! கடைக்காரன் கொடுக்கும்போது செல்லுகிற காசு, நான் கொடுக்கும்போது மட்டும் எப்படி ஐயா செல்லாமல் போகும்? பஸ், டீக்கடை, காய்கறி வண்டி, எங்கே போனாலும் இதே பாட்டு. வீட்டில் ஒரு டப்பா நிறையக் கிடக்கிறது.

"போன்ல அனுப்புங்க சார்" என்றார் வண்டி நிறுத்தக்காரர். போன் செத்துப்போச்சு என்றேன்.

கையிலிருந்த புதுச் சார்ஜர் பெட்டியைப் பார்த்தார். "அதான் சார்ஜர் வெச்சிருக்கீங்களே?"

சிரித்துவிட்டேன். வேறென்ன செய்ய?