சான்டோரினி ஃபாவா மொச்சை இல்லைங்க

மேல ஒருத்தர் கிரீஸ் நாட்டுத் தீவான சான்டோரினில வெஜ்காரங்களுக்கு சாலடும் பிரெட்டும்தான் கதி, ஃபாவானு ஒண்ணு தருவாங்க, அது வெறும் மொச்சை மசியல்னு போட்டிருக்கார். பேரைப் பார்த்து ஏமாந்துட்டார்னு நினைக்கிறேன். இங்கிலீஷ்ல ஃபாவா பீன்ஸ்னு சொல்றது வேற, அந்தத் தீவுல ஃபாவானா லாத்திரஸ் கிளைமெனம்ங்கிற செடியோட மஞ்சப் பருப்பு, அந்தத் தீவுல எரிமலை வெடிச்சுப் புதைஞ்சுபோன அக்ரோதிரிங்கிற பழைய ஊரோட அகழாய்வுல எரிமலைச் சாம்பலுக்கு அடியிலயே, அதாவது 3,500 வருஷத்துக்கு முந்தின இதே பருப்பு கிடைச்சிருக்கு. பார்க்க நம்ம பருப்பு கடையல் மாதிரியேதான் இருக்கும், தாளிப்புதான் கிடையாது, மேல பச்சை வெங்காயம் பொடியா நறுக்கிப் போட்டு ஆலிவ் எண்ணெயை தாராளமா ஊத்தி எலுமிச்சம்பழத் துண்டு வெச்சுத் தருவாங்க.

அப்புறம் தொமாத்தோகெஃப்தேதெஸ்னு தக்காளி, வெங்காயம், புதினா போட்டுப் பொரிச்ச பக்கோடா மாதிரி ஒண்ணு, அதுவும் அந்த ஊர் ஸ்பெஷல்தான், எனக்கு ஃபாவாவை விட அதுதான் பிடிக்கும்.

ஒண்ணு மட்டும் உஷாரா இருங்க, "நிஸ்தீசிமோ"னு கேட்டா சுத்த சைவம் வரும்னு யாரும் நம்பிடாதீங்க, அது அங்கத்த கிறிஸ்தவங்களோட நோன்புச் சாப்பாடு, கறி, முட்டை, பால் இருக்காது, ஆனா ஆக்டோபஸ், கணவாய்க்கெல்லாம் அதுல தடையில்ல. சில கடையில ஃபாவா மேலயே ஆக்டோபஸ் வெச்சுத் தருவாங்க, ஆர்டர் பண்றப்பவே கேட்டுக்குங்க.